காப்புத் தட்டில் வைத்த பொடி

அனுப்புநர்
மஞ்சுளா,
க/பெ மணிவண்ணன்,
சோரியாங்குப்பம்,
பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்
மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: தீமிதிக்குக் காப்புக் கட்டிய பெண்களுக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போடுவதற்காகக் கொடுக்கப்படும் ‘இயற்கைப் பொடி’யை உடனே சோதித்து, அதுவரை நிறுத்திவைக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்து வருகிறேன். இந்த மனு எனக்காக அல்ல. என் கொழுந்தனார் விமலின் மனைவி சுகன்யாவுக்காக எழுதுகிறேன். ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மனு எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச மாட்டாள். பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும்.

2. எங்கள் ஊர்த் தீமிதியில் பெண்களும் தீ மிதிப்பது வழக்கம். காப்புக் கட்டியபின் விலக்கானால் காப்பை அவிழ்த்துவிட வேண்டும். வேண்டுதல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஆகவே விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். மருந்துக்கடையில் ‘தீமிதி மாத்திரை’ என்றாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் சீட்டு கேட்பதில்லை.

3. சென்ற ஆண்டு சுகன்யாவும் வாங்கிப் போட்டாள். அப்போது அவள் தினமும் கருத்தடை மாத்திரையும் போட்டுவந்தாள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் இடது கால் தொடை வரை வீங்கிவிட்டது. சூடு பிடித்துக்கொண்டது என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் காலில் ரத்தம் உறைந்து கட்டியிருப்பது தெரிந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள். ஹார்மோன் உள்ள மாத்திரை எதையும் இனி தொடவே கூடாது என்று சொல்லி, காப்பர்-டி போட்டு அனுப்பினார்கள்.

கருத்தடை மாத்திரையை நான் குறை சொல்லவில்லை ஐயா. பக்கத்து வீட்டு ஜெயா அதே மாத்திரையைப் பல வருடமாகப் போடுகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். அவரவர் உடம்பைக் கேட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டியதை, மிட்டாய் கொடுப்பதுபோல் கொடுப்பதுதான் என் குறை.

4. கால் குணமானால் அந்தக் காலோடு தீ மிதிக்கிறேன் என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே வேண்டிக்கொண்டாள். அதற்குத்தான் இந்த ஆண்டு காப்புக் கட்டியிருக்கிறாள்.

5. சுகன்யாவுக்கு நேர்ந்தது ஊருக்கே தெரியும். எனவே மருந்துக்கடை வைத்திருக்கும் தணிகைவேல் என்பவர் இந்த ஆண்டு மாத்திரைக்குப் பதிலாக ‘ஹார்மோன் இல்லாத இயற்கைப் பொடி’ என்று ஒன்றைக் கோயிலுக்கு உபயமாகக் கொடுத்தார். மைக்கில் அவர் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தார்கள். காப்புத் தட்டில் மஞ்சள், குங்குமத்தோடு அந்தப் பொட்டலத்தையும் வைத்து ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுத்தார்கள். அம்மன் பிரசாதம்போல் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்கள். பொட்டலத்தின் மேல் ஓர் எழுத்துகூட இல்லை.

கடைக்கே போய் இதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மன்னிக்கவும்: “இன்னாம்மா நீ, வெந்தயத்துக்கும் எள்ளுக்கும் கூடவா சீட்டு கேப்ப? எல்லாம் வேரு, பட்டைம்மா. உடம்ப ஒண்ணும் பண்ணாது.” உடம்பை ஒன்றும் செய்யாத பொடி விலக்கை மட்டும் எப்படி நிறுத்துகிறது என்று கேட்டேன். அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டார்.

6. இயற்கை வைத்தியத்தை நான் எதிர்ப்பதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். உளுந்தங்களி, எள்ளுருண்டை, வெந்தயக்கஞ்சி எல்லாம் தின்றே வளர்ந்தவள் நான். உடம்புக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் குழாயை மூடியதுபோல் அவை எதுவும் விலக்கை நிறுத்தியதில்லை. எங்கள் தெரு தனக்கொடி, போன மாதம் மணப்பட்டில் நடந்த திருவிழாவுக்குத் தணிகைவேலிடமே இந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டவரை ஒரு சொட்டு இல்லை. நிறுத்திய மூன்றாம் நாளே வந்துவிட்டது. தீமிதி மாத்திரையை நிறுத்தினாலும் எங்களுக்கு இப்படித்தான் வரும். எனவே அதே மாத்திரையை இடித்து இதில் கலந்திருப்பார்களோ என்று சந்தேகப்படுகிறேன். இது என் சந்தேகம் மட்டுமே. தவறு என்றால் கோயில் வாசலில் நின்று தணிகைவேலிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

7. சுகன்யா இந்தப் பொடியைக் காலையும் மாலையும் வெந்நீரில் கலந்து குடிக்கிறாள். வேண்டாம் என்று சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். “யக்கா, டாக்டரு மாத்திரதான வாணான்னாரு? இது மாத்திர இல்லியே. காலக் குடுத்தவளே அவதான், அவளுக்கு நடக்காம வுடுவனா?” என்கிறாள். டாக்டர் சொல்லை மீறவே இல்லை என்று முழுமனதாக நம்புகிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

8. தீமிதி வரும் வெள்ளிக்கிழமை. இத்துடன் ஒரு பொட்டலம் இணைத்திருக்கிறேன். இதைச் சோதிக்க வேண்டுகிறேன். சோதனைக்கு நாளாகும் என்றால், முடிவு வரும்வரை யாரும் சாப்பிட வேண்டாம் என்று கோயில் மைக்கிலேயே சொல்ல உத்தரவிட வேண்டுகிறேன். எந்த மைக்கில் நன்றி சொன்னார்களோ அதில் சொன்னால்தான் பெண்கள் கேட்பார்கள். இனி வரும் ஆண்டுகளில், காப்புக் கட்டுமுன் ஒரு நர்ஸ் வந்து யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று தனியாக விசாரிக்கவும் தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

தங்கள் வீட்டுப் பெண்ணாக அவளை நினைத்து உடனே நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ம. மஞ்சுளா

இடம்: சோரியாங்குப்பம்
நாள்: 14.05.2025

பின்குறிப்பு (15.05.2025, காலை): ஐயா, மனுவைக் கொடுக்க வருமுன் சுகன்யாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். என்ன சாப்பிட்டாள், அதில் என்ன இருந்தது என்று டாக்டர் கேட்கிறார். மூலிகை என்பதற்கு மேல் சொல்ல முடியாது என்று தணிகைவேல் கடையைச் சாத்திக்கொண்டார். இந்த மனுவைக் கொண்டு வருபவர் என் கணவர். தணிகைவேலின் போன் நம்பரை உறையின் மேல் எழுதியிருக்கிறேன். நாங்கள் கேட்டால் சொல்ல மாட்டார், தாங்கள் கேட்டால் சொல்வார். மனுவைப் பதிவு செய்வதெல்லாம் பிறகு ஆகட்டும், முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். டாக்டர் காத்துக்கொண்டிருக்கிறார்.