பாவுக்கு வராத கைகள்

மாமா, இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். ஜனம் பெருகினால் நாடு தாங்காது என்று ஆரணியில் முதலில் சொன்னதும் நான்தான். குறைந்தால் தறிக்கு ஆள் கிடைக்காது என்று சொன்னதும் நான்தான். இரண்டாவதைக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன், அவ்வளவே.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அக்கா வீட்டுச் சுவரைச் சுரண்டினோம். பழைய சுண்ணாம்பு விழுந்த இடத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வரைந்த சிவப்பு முக்கோணம் எட்டிப் பார்த்தது. அதை உங்கள் சுவரில் வரையச் சொன்னவனும் நானே. அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். உங்கள் மகளுக்கு நான்கு வயது. இன்னொன்று வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவன். நீங்கள் தறியில் உட்கார்ந்திருக்க, நான் நாட்டு நிலவரத்தை விளக்கினேன். ஒரு புடவையைப் பத்துப் பேருக்குக் கிழித்துக் கொடுத்தால் ஒருத்திக்கும் உடுத்த ஆகாது, நாடும் அப்படித்தான் என்றேன்.

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "டேய், வாயை மட்டும் எண்ணிகினு கீறியே, கூடவே வர்ற ரெண்டு கையை யார்ரா எண்றது?"

அவள் சொன்னதில் நம் தெருவே இருந்தது. விடிந்ததும் தறியில் ஏற்றவேண்டிய நீளநூலான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டினால், பட்டு இழைகளைப் பிரித்துவிட ஏழெட்டுப் பேராவது வேண்டும். ஒரு வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்களோ, அத்தனை பேரை அவர்கள் பாவுக்கு நாமும் அனுப்ப வேண்டும். கூலி கிடையாது. கைக்குக் கைதான்.

பேச்சில் தோற்பது எனக்குப் பிடிக்காது. போளூரில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டத்துக்குப் போனபோது பெரிய ஆபீசர் ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னதை எடுத்துவிட்டேன். ஒன்றோடு நிறுத்தியவர் வீட்டுப் பிள்ளைக்கு சர்க்கார் வேலை நிச்சயம்.

உங்கள் கால் தறியின் மிதிபலகையில் அப்படியே நின்றது. "நெஜமாவா மச்சான்?"

"என் காதால கேட்டேன் மாமா."

அக்காவுக்கு எதற்கு அந்த வலி என்று ஆபரேஷனுக்கு நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். தெருவில் கேலி செய்தார்கள். "சிரிக்கட்டும் வுடு. எம்பொண்ணு ஆபீஸ்ல ஃபேன் கீழ உக்காந்தா இவனுங்கதான் பேஜாராவானுங்க" என்றீர்கள்.

மகள் பிளஸ் டூ முடித்ததும், "அந்த ஆபீசரை ஒரு வாட்டி பார்க்கலாமா?" என்று கேட்டீர்கள். மாற்றலாகிவிட்டார் என்றேன். மறு வருடமும் கேட்டீர்கள். டில்லிக்கே போய்விட்டார் என்றேன். அவள் செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். இத்தனை இளவட்டம் இருப்பதால்தான் கம்பெனிகள் நம் நாட்டைத் தேடி வருகின்றன என்று பேப்பரில் படித்ததைச் சொன்னேன்.

"அப்போ நெறைய பேரு இருக்கறது நல்லதா மச்சான்?"

நான் டீ சொல்லப் போய்விட்டேன்.

மகள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு, ஒரு காலையில் நீங்களும் அக்காவும் மட்டும் பாவு இழுத்துக்கொண்டிருந்தீர்கள். அக்கா ஒரு முனை, நீங்கள் ஒரு முனை. நடுவில் பட்டு தரையைத் தொட்டது. யாரையாவது கூப்பிடக் கூடாதா என்றேன்.

"கூப்ட்டா வருவாங்க. திருப்பி அனுப்ப எங்கிட்ட யாரு கீறாங்க?"

அந்த வருடமே படுத்துவிட்டீர்கள். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணுக்குத்தான் கெடைக்கல. பேத்திக்காவது அந்த ஆபீசருக்கு ஒரு லெட்டர் போட்டுப் பாரு" என்றீர்கள். போடுகிறேன் என்று தலையாட்டினேன்.

இப்போது தெருவில் யார் பாவு போட்டாலும் போய் நிற்கிறேன். எனக்கு இழை பிரிக்கச் சரியாக வராது. யார் வீட்டுக் கை என்று கேட்டால் உங்கள் பேரைத்தான் சொல்கிறேன். அக்கா பாவு போடும்போது ஓரிரண்டு பேர் வருகிறார்கள்.

சுவருக்கு இரண்டு பூச்சு அடித்தாயிற்று. சிவப்பு இன்னும் தெரிகிறது.

நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், உங்களுக்குத் தெரியும். அந்த ஆபீசர் பேச்சை மட்டும் கூட்டிச் சொல்லவில்லை மாமா. கூட்டத்தன்று நான் போளூருக்கே போகவில்லை. தேவிகாபுரத்தில் இறங்கி, கோயிலைச் சுற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஆபீசர் என்று ஒருவர் இல்லவே இல்லை.