சரிவான வாசலில் எடுத்த அளவு

மச்சான்,

என் மேசையில் செய்தித்தாளை விரித்து நான்கு நைலான் வில்லைகளை வைத்திருக்கிறேன். பழைய கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. நான்கும் போன வாரம் உங்கள் காரிலிருந்து கழற்றியவை. ஏன் கழற்றினேன் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் பழையதாக வாங்கி வந்தபோது உங்களுக்கு அறுபத்தாறு வயது. மிளகும் மரவள்ளியும் போடுகிறவருக்கு இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார் எதற்கு என்று உங்கள் தங்கை கேட்டாள். “ஏங் கண்ணு, எனக்குப் பக்கத்துல உன்ற ஊட்டுக்காரரு ஒருத்தரு போதாதா?” என்றீர்கள். அப்படித்தான் அந்த இருக்கை எனக்கு வந்தது. வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். “மாப்ள, கண்ணத் தொறங்க. ரோட்ட நான் பாத்துக்கறேன், நீங்க மலையப் பாருங்க” என்று சிரிப்பீர்கள்.

காரில் ஒரே குறை இருந்தது. வளைவில் வேகம் கொடுத்தால் பின்பக்கம் ஒரு கணம் தயங்கித்தான் திரும்பும். நான் ஒரு மாதம் படித்துப் பார்த்தேன். பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம், சப்ஃபிரேம் என்பார்கள், காரின் உடலோடு தன் நான்கு மூலைகளிலும் புஷ் எனப்படும் ரப்பர் உருளைகளின் வழியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ரப்பர் தளர்ந்ததால் சட்டம் முழுவதுமே நகர்கிறது. புஷ்ஷில் இருக்கும் இடைவெளிகளில் அளவான வில்லைகளைச் செருகிவிட்டால் நகர்வு அடங்கும். ஸ்பேசர் என்று பெயர். இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீங்கள் முழுவதும் கேட்கக்கூட இல்லை. “நீங்க சொன்னாச் சரிதானுங்க மாப்ள” என்று ஜாக்கியை எடுக்கப் போய்விட்டீர்கள்.

உங்கள் வீட்டு வாசலில் காரைத் தூக்கி நிறுத்தினோம். நான்கு இடைவெளிகளையும் வெர்னியரால் ஐந்தைந்து முறை அளந்து சராசரி எடுத்தேன். “பொண்ணு பாக்க வந்தவனாட்ட எத்தன தடவதான் பாப்பீங்க?” என்றீர்கள். நான்கும் வேறு வேறு அளவாக வந்தன. பழைய ரப்பர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சேந்தமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் நான்கு அளவிலும் கடைந்து வாங்கி, பெயர் எழுதிப் பொருத்தினேன்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, பின்பக்கம் கல்லாக நிற்கிறது என்று என் முதுகில் தட்டினீர்கள். இரண்டு வாரம் நன்றாகப் போனது. பிறகு, வலது வளைவுகளில் கார் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது என்றீர்கள். இடது வளைவில் ஒன்றுமில்லை.

காரணம் ஒரு மழை நாளில் தெரிந்தது. உங்கள் வாசலில் தண்ணீர் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக ஓடியது. அந்த வாசல் சரிவு. மலையில் எந்த வாசல்தான் சரிவில்லை? நீங்கள் பிறந்ததிலிருந்து அதில் நடந்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. கீழ்நாட்டிலிருந்து வந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தளர்ந்த ரப்பரில் சட்டம் சரிவின் பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. அந்தச் சாய்வைத்தான் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை துல்லியமாக அளந்து, வில்லை வைத்து நிலையாக்கிவிட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் மாணவர்களை, அளக்குமுன் கருவி சுழியில் நிற்கிறதா என்று சுழிப்பிழை பார்க்கச் சொன்னவன் நான். கருவியில் பார்த்தேன். தரையில் பார்க்கவில்லை.

அன்றே சொல்லிவிடத்தான் வீட்டுக்குள் வந்தேன். நீங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். “காரு மேல குத்தமில்லீங்க மாப்ள. சோத்தாங்கைப் பக்கம் திருப்பறப்போ கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டீங்குது” என்றீர்கள்.

நான் சொன்ன பதில் உங்களுக்கு நினைவிருக்கும். “வயசாகுதில்லீங்க மச்சான்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். தவறு செய்துவிட்டேன் என்பதைவிட அது சுலபமாக வாயில் வந்தது. அடுத்த மாதம் காரைக் கொட்டகையில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினீர்கள். செம்மேட்டுச் சந்தைக்குக்கூட பஸ்ஸில் போனீர்கள். கேட்டவர்களிடம் கையைத் தூக்கிக் காட்டினீர்கள். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். பிறகு உங்கள் இதயம் நின்றுபோனது. அதற்கும் காருக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். அவரிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன மாதம் உங்கள் மகள் வந்து, “அப்பா காரை நான் ஓட்டலாம்னு இருக்கறனுங்க மாமா. அதப் பத்தி எதாச்சும் தெரிஞ்சுக்கோணுமா?” என்று கேட்டாள். அவள் நம் மலைப்பாதையின் எழுபது வளைவிலும் இறங்கப் போகிறவள். சொல்லிவிட்டேன். வயசாகிறது என்று நான் சொன்னதையும் சேர்த்து. “அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க மாமா” என்றாள். அவ்வளவுதான்.

செம்மேட்டில் ஒரு பட்டறையின் சிமெண்டுத் தரையைக் கொத்தனாரின் மட்டக்குழாய் வைத்துச் சோதித்துவிட்டு, அதன்மேல் காரை நிறுத்தி, பழைய வில்லைகளைக் கழற்றி மறுபடி அளந்தேன். இந்த முறை நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. புது வில்லைகளைப் போட்டோம். அவள் தனியாகப் பத்து வளைவு இறங்கி ஏறி வந்தாள். நான் ரோட்டோரம் நின்றிருந்தேன்.

கண்ணாடியை இறக்கி, “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புதுங்க மாமா. அப்பா கை நல்லாத்தான் இருந்திருக்குது” என்றாள்.

உங்கள் கை கடைசிவரை நன்றாகவே இருந்தது, மச்சான். அதை நான் உங்களிடம் சொல்லவில்லை.