ஈயக்குண்டு கோத்த மெத்தை

மாதாவே துணை

கோட்டைக்குப்பம்
9.3.2025

கண்ணு சாமுக்கு உன் அத்தை ஆரோக்கியமேரி எழுதறது. நான் நல்லா கீறேன். உங்க நைனாவுக்கு முட்டி வலி அப்படியேதான் கீது, வாய் மட்டும் கொறையல. நீ ஹூப்ளில வேளைக்கு சாப்புடுறியா? ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறியா? ரெண்டுக்கும் ஆமான்னு எழுதுவ, எனுக்குத் தெரியும்.

போன் இருக்க இன்னாத்துக்கு கடுதாசின்னு கேப்ப. போன மாசம் நான் கூப்ட்டப்ப வண்டி ஓட்டிக்கினே பேசின இல்ல? காதுல காத்து உய்யினு கேட்டுச்சி. அங்கியே மாதாகிட்ட சொல்லிட்டேன், இந்தப் புள்ள நம்ம வாசல்ல வந்து எறங்கற வரைக்கும் போன்ல அவன்கிட்ட பேச மாட்டேன்னு. நீயும் அடிக்காத. அடிச்சா எடுக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வரேன். திருவிழா மே மாசம் மொத சனிக்கெழம. மாதா சப்பரத்துல வலப்பக்கம் முன்தண்டு நம்ம வூட்டுது. உங்க தாத்தா தோள் குடுத்தாரு, நைனா குடுத்தாரு. முட்டி போனதால போன வருஷம் உனுக்கு வந்துச்சி. நீ இன்னா பண்ண? இருட்டோட கெளம்பி, அந்தப் பச்ச வண்டி மேல பல்லி மாதிரி படுத்துக்கினே ஒரே மூச்சா வந்து, எறங்கின கையோட தண்டுக்குக் கீழ பூந்துட்ட. மீன் ஏலம் போடற எடத்துத் திருப்பத்துல முதுகு புடிச்சிக்கிச்சி. மாதா ஒரு பக்கமா சாஞ்சாங்க. கிரீடம் காது மேல வந்து நின்னுச்சி. வேடிக்க பாக்க வந்த கங்காதரன், அவன் நம்ம கோயில் ஆளு கூட இல்ல, பாய்ஞ்சி வந்து தோள் குடுக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?

கோயில் கூட்டத்துல சொல்லிட்டாங்க, "இந்த வருஷமும் அந்தப் பையன் தடுமாறினா தண்ட பக்கத்து வூட்டுக்குக் குடுத்துருவோம்"னு. நைனா நேரா வூட்டுக்கு வந்து சோறு வேணாம்னுட்டாரு. அன்னிக்கி நண்டுக் கொழம்பு. நண்டுக் கொழம்ப வேணாம்னு சொல்ற ஆளா அவரு?

அதனால ரயில்ல வா. அனுப்பம்பட்டுல எறங்கு, நானே ஆட்டோ புடிச்சிக்கினு வந்து கூட்டிக்கினு வரேன்.

உன் மேல உசுரா கீற
அத்தை


ஹூப்ளி
21.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

பூசைக்குப் போனேன், சாப்பிட்டேன். ரெண்டும் நிஜம். நீங்கள் போனை எடுக்கவில்லை, நாலு தடவை அடித்துப் பார்த்தேன். பிடிவாதத்தில் நைனாவுக்கு அக்காதான் நீங்கள்.

ரயிலில் வர மாட்டேன் அத்தை. கோவிக்காதீர்கள். ரயிலில் வந்து நல்லபடியாகத் தூக்கினால், போன வருஷம் கெடுத்தது வண்டிதான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். கெடுத்தது நான். அது முன்னால் சாய்ந்து ஓட்டுகிற வண்டி. உடம்புப் பாரமெல்லாம் மணிக்கட்டில் வந்து உட்காரும். தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து கல்லாகிவிடும். சீட்டோ நம் வீட்டு அருவாமணைப் பலகை. நடுநடுவே இறங்கி நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். நான் நேரமாகிவிடும் என்று எங்கேயும் நிற்கவில்லை. சித்தூர் தாண்டும்போது விரலெல்லாம் மரத்து, பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த உடம்போடு மாதாவைத் தூக்கினேன்.

ஆனால் விடிகாலையில், மழை விட்ட ரோட்டில், வளைவில் வண்டி தானாகச் சாய்கிற சுகம் இருக்கிறதே! ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

தண்டை விட மாட்டேன் என்று நைனாவிடம் சொல்லுங்கள்.

சாம்


மாதாவே துணை

கோட்டைக்குப்பம்
3.4.2025

அடேய் சாமு,

நானா? அந்தப் பின் சீட்லயா? அது சீட்டாடா? ஒரு கருவாடு காய வெக்கிற அளவு கூட எடம் இல்ல. அதுவும் அந்தரத்துல கீது. அது மேல நான் குந்தினா, பனமரத்து மேல காக்கா குந்தினாப்ல ஊரு பூரா தெரியும்.

கடுதாசிய நைனாவுக்குப் படிச்சிக் காமிச்சேன். "தண்ட விட மாட்டேன்"ன்ற எடத்துல "இன்னொருக்கா படி"ன்னாரு. காது கேக்கலியாம். கேட்டுச்சி, எனுக்குத் தெரியாதா?

பார்சல் அனுப்பிக்கீறேன், பிரிச்சிப் பாரு. மெத்த. நைனாவோட பழைய நண்டு வலைய மடிப்பு மடிப்பா மடிச்சி, சுத்தித் தெச்சேன். காத்து உள்ள பூந்து வெளிய வரும், குந்தற எடம் வேவாது. வண்டி வேகத்துல பறந்துரக் கூடாதுன்னு ஓரம் முழுக்க ஈயக்குண்டு கோத்துக்கீறேன். அத்தினி தண்ணி இஸ்தாலும் வல நிக்குது, மெத்த நிக்காதா?

அப்பறம், ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. தவக்காலம், டீய வுட்டுட்டேன், தல கிர்ருன்னு கீது. அந்த நேரத்துல மாதா முன்னாடி வாய் தவறி வேண்டிக்கினேன். நீ அலுப்பில்லாம வந்து, ஏலத் திருப்பத்த சாயாம தாண்டினா, நான் அந்த வண்டி பின்னாடி குந்தி எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் வரேன்னு. சொன்னப்பறம்தான் வேர்த்துச்சி. திரும்ப வாங்க முடியுமா?

பயத்துல கீற
அத்தை


ஹூப்ளி
22.4.2025

அன்புள்ள அத்தைக்கு ஈஸ்டர் வாழ்த்து!

இனி டீ குடிக்கலாம்.

மெத்தையைப் போட்டு ஓட்டினேன். ஈயக்குண்டெல்லாம் வண்டியில் மோதி வழி நெடுக டகடகவென்று ஒரே கச்சேரி. எனக்குப் பழக்கமான மெக்கானிக் சத்தத்தைக் கேட்டு இன்ஜின் போச்சு என்று பாதி வண்டியைக் கழற்றிவிட்டார். கடைசியில் மெத்தையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் தெரு நாய்கள் எல்லாம் இப்போது எனக்குச் சொந்தம்.

ஆனால் அத்தை, சத்தியமாகச் சொல்கிறேன், வெயிலில் நெடுந்தூரம் போயும் உட்கார்ந்த இடம் வலிக்கவில்லை. குண்டுகளை அறுத்துவிட்டு வார் போட்டுக் கட்டிவிட்டேன். ஒரு குண்டை மட்டும் சாவியில் கோத்திருக்கிறேன்.

இப்போது தொடையால் டேங்க்கை இறுக்கிக்கொண்டு கையைத் தளர்த்தி ஓட்டப் பழகுகிறேன். வியாழனே கிளம்பி, நிறைய இடத்தில் நின்று, ராத்திரி கோலாரில் என் நண்பன் அர்ஷத் வீட்டில் தூங்கி, வெள்ளி மத்தியானம் வந்துவிடுவேன். நண்டுக் கொழம்பு வையுங்கள். நைனாவும் நானும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

எளாவூருக்குத் தயாராக இருங்கள்.

சாம்


மாதாவே துணை

கோட்டைக்குப்பம்
12.5.2025

தங்கமே சாமு,

ஊர் போய் சேந்தேன்னு நீ போன் பண்ணப்ப எல்லாம் பேசிட்டோம், இருந்தாலும் எழுதறேன். போன்ல நீ "சரி அத்தே, சரி அத்தே"ன்னு வெச்சிடுவ. கடுதாசிய நடுவுல வெக்க முடியாது.

தண்டுக்குக் கீழ குனிஞ்சிக்கினு போன உனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் பாத்தத சொல்றேன். "நான் வரல, நீங்க போங்க"ன்னு வூட்டுலயே குந்தினு இருந்தாரு இல்ல உங்க நைனா? வேட்டுச் சத்தம் கேட்டதும் கோல ஊனிக்கினு வந்துட்டாரு. சப்பரத்தக் கூட பாக்கல, உன் முதுகத்தான் பாத்துக்கினு வந்தாரு. ஏலத் திருப்பம் வந்துச்சி. கங்காதரன் முன்கூட்டியே வந்து தோள தயாரா வெச்சிக்கினு நிக்கறான். நீ முட்டிய லேசா மடக்கின, மூச்ச இஸ்த, மாதா அப்படியே ராணி மாதிரி திரும்பினாங்க. ஒரு பூ உதிரல. கங்காதரன், "போ நைனா, எனுக்கு இந்த வருஷம் வேலையே இல்ல"ன்னு உங்க நைனாகிட்ட கத்தறான். அவரு சிரிக்கறாரு, கண்ணுல தண்ணி ஊத்துது. படகுப் போட்டி நடக்கறாப்ல கூட்டம் கை தட்டுது. கூட்டத்துல அந்தப் பக்கத்து வூட்டுக்காரரே வந்து, "அடுத்த வருஷமும் உங்க பையன்தான்"னுட்டாரு.

இப்ப எளாவூர் கத. நீ ஹெல்மெட் மாட்டிவுட்டதும் ஜெபமால எடுத்தேன் இல்ல? பாலம் ஏறி ரெண்டு பக்கமும் ஏரி தெரிஞ்சதும் எத்தினாவது மணின்னே மறந்துட்டேன். காத்து சேலைய புடிச்சி இஸ்க்குது, தூரத்துல கொக்குக் கூட்டம் மாவு கொட்டினாப்ல கீது. நான் கத்தினது பயத்துலன்னு நெனச்சிக்கினு நீ மெதுவா ஓட்டின. பயம் இல்லடா. செக்போஸ்ட்ல போலீசுகாரரு, "இன்னாம்மா, இந்த வயசுல?"ன்னு கேட்டப்ப வேண்டுதல்னு சொன்னேன். அது நெசம். அதுக்கப்பறம் நீ திருப்பப் போன, "இன்னும் கொஞ்சம் போடா"ன்னேன். அடுத்த ஊரு தடாவும் தாண்டிப் போச்சி. மாதாகிட்ட சொன்னது எளாவூர் வரைக்கும்தான். அதுக்கு மேல போனது எனுக்கு.

இடுப்பு இன்னும் கடுகடுன்னு கீது. மாத்திர போட்டாச்சி. தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சிட்டேன். உனுக்கு மெத்த இருந்துச்சி, எனுக்கு இல்ல. பின் சீட்டு அளவ மறக்காம எழுதி அனுப்பு. வல மடிச்சி வெச்சிட்டேன், ஊசி கோத்துட்டேன். இதுல ஈயக்குண்டு உண்டு. அத அறுக்காத. பறக்கறது மெத்த இல்ல, நான்.

உன் கூட வரப் போற
அத்தை ஆரோக்கியமேரி