சின்னையா ஆட்டைக் கொண்டுவந்தார்

பதுளை, 1912 நவம்பர், வெள்ளி இரவு.

உடம்பு அசதியாக இருக்கிறது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து கடையைத் திறந்ததும் சின்னையா வந்தார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். கூடவே அவருடைய வெள்ளாடு. மனைவி இறந்தபின் வீட்டில் அவருக்கு இருந்த துணை அது ஒன்றுதான்.

"இத நீங்க வச்சுக்குங்க மொதலாளி. காசு வேணாம்."

"ஏன், நீங்க எங்க போறீங்க?"

ஆட்டுக் கயிற்றை என் கையில் வைத்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூட்டு வலியால் வேலை போனதிலிருந்து ராத்திரித் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. வயதானால் அப்படித்தான் என்று தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்கள் சொல்கிறார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேராகவே கேட்டேன்.

"செத்துப்போகணும்னு நெனப்பு வருதா?"

"வருதுங்க. இன்னைக்குன்னு முடிவு பண்ணித்தான் வந்தேன். இத யாரும் கேக்கலீங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னைக்கு இங்கயே படுங்க. காலையில ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவர் எழுந்து போகவில்லை. என் மனைவி கொடுத்த கஞ்சியில் பாதி குடித்தார். தெமோதரையில் இருக்கும் மகளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். அவள் வருவாளா, தெரியவில்லை.

இப்போது முன்னறையில் படுத்திருக்கிறார். சற்று முன் இருட்டிலிருந்து கேட்டார்.

"மொதலாளி, முழிச்சிருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சரிங்க."

கண் எரிகிறது. ஆனாலும் விளக்கை அணைக்க மனம் வரவில்லை. இதோ, மறுபடியும் கூப்பிடுகிறார்.