வேண்டியவர்

அன்புள்ள அத்தைக்கு,

மூத்த மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். ஆபரேஷன் செய்த கண்ணில் இன்னும் நீர் வடிவதாகக் கொழுந்தனார் சொன்னார். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை அங்கே உங்கள் இளைய மருமகள்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். நடுவில் தங்கை தயங்கினால், நிறுத்தாமல் படிக்கச் சொல்லுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தம். இது கத்திச் சொல்லும் விஷயமும் இல்லை.

மாடிவீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். குளியலறைக் கதவு மழையில் ஊறி உப்பிவிட்டதால் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. உங்கள் கட்டிலை ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம்தான் காற்று வருகிறது.

வேலை இப்போது ஓர் அச்சகத்தின் புதுக் கட்டடத்தில். பூச்சு முடிந்த பிறகு மின்சார வேலையைக் கொடுத்ததால், வயர் போகும் இரும்புக் குழாய்களையெல்லாம் சுவருக்கு வெளியே ஓட்டுகிறோம். எல்லாம் கண்ணில் படும். அதனால் வளைவுகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். வளைப்பது என் வேலை. குழாய் வளைக்கும் பெண்டர் உங்கள் மகனுடையதுதான். குழாயை அதன் வாயில் நுழைத்து, பென்சில் கோட்டை அம்புக்குறிக்கு நேராக வைத்து, காலால் மிதித்துக்கொண்டே கைப்பிடியை இழுக்க வேண்டும். கையை மட்டும் நம்பி இழுத்தால் குழாய் ஒடுங்கிப்போகும். ஒடுங்கிய குழாயில் வயர் போகாது. அவரோடு கூடமாட நின்று கற்றதுதான். அவர் நெஞ்சுவலியில் போன பிறகு அதுவே எனக்குச் சோறு போடுகிறது. உங்களுக்குத் தெரியாததில்லை.

நான் வளைத்துக் கொடுக்கும் குழாய்களை ஏணியில் நின்று சுவரில் பொருத்துபவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைச் ‘சரிதான்’ என்றே கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் "சரிதான்" என்பார். பிளம்பர் ஒருநாள், "அண்ணே, நீங்க ஒரு முட்டாள்தானே?" என்று கேட்டுப் பார்த்தார். அதற்கும் "சரிதான்" என்றுவிட்டுத் துளை போடப் போய்விட்டார். கல்யாணம் ஆகாதவர். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதிலேயே வயது போய்விட்டது. அப்பாவும் இப்போது இல்லை.

போன மாதம் ஒரு சம்பவம் நடந்தது. சுவரில் எங்கள் வழியில் தண்ணீர்க் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. அந்த இடத்தில் நம் குழாய் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். அதற்கு மூன்று வளைவு. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாய் கையில் லேசாக உருண்டால்கூடப் போதும், ஒரு முனை கோபித்துக்கொண்டவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்றைக்கு உருண்டுவிட்டது. மேலே கொடுத்த பிறகுதான் பார்த்தேன். "இறக்குங்க, வேற ஒன்னு வளைச்சுத் தரேன்" என்றேன். "சரிதான்" என்றார். ஆனால் இறக்கவில்லை. கீழே கான்ட்ராக்டர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். எனக்குத் திட்டு விழக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தோளைக் கொடுத்துச் சுவரோடு அழுத்தினார். ஏணி வழுக்கிவிட்டது.

வலது மணிக்கட்டு முறிந்தது. தலையில் அடி இல்லை. ஆட்டோவில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பைப் நல்லாத்தாங்க இருந்துச்சு. ஏணிதான் சரியில்ல."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். கூட வேலை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. என் வாயில் "வேண்டியவங்க" என்று வந்தது. நர்ஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவர் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே கட்டுப் போட்ட கையோடு வேலைக்கு வந்து நின்றார். கான்ட்ராக்டர் வேறு ஆள் பார்ப்பதாக இருந்தார். நான்தான், இவர் கீழே நின்று வளைக்கட்டும், நான் ஏணியில் ஏறுகிறேன் என்றேன். வளைப்பதில் முக்கால் வேலை காலுக்குத்தானே. சேலையோடு ஏணி ஏற முடியாது என்பதால் வேலைக்குச் சுடிதார் போட்டுக்கொள்கிறேன், திட்டாதீர்கள். அந்தப் பெண்டரை இதுவரை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. அவரிடம் கொடுத்தேன்.

முதலில் பல குழாய்களைக் கெடுத்தார். இரும்பு வளைந்த மாதிரி வளைந்துவிட்டு, காலை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரும். அதற்கும் சேர்த்துத்தான் மிதிக்க வேண்டும். இதை நான் மேலேயிருந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். பிளம்பரும் பெயின்டரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "மேலிடத்து உத்தரவு" என்கிறார்கள். வேறு மாதிரியும் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது.

ஒருநாள் அப்படி மிதித்துக்கொண்டிருக்கும்போதே, நிமிராமல், "உங்க அத்தை என்ன சொல்வாங்க?" என்று கேட்டார். "எதுக்கு?" என்றேன். "உங்க வீட்டுக்கு நான் வந்துட்டா" என்றார். அவராக ஒரு பேச்சை எடுத்து நான் கேட்டதில்லை. பேசிக்கொண்டே மிதித்ததில் குழாய் அளவு தாண்டி வளைந்துவிட்டது. அதைக் கழிவில் போட்டுவிட்டு வேறு எடுத்தோம். மாலையில் கிளம்பும்போது, கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

அதனால்தான் எழுதுகிறேன், அத்தை. உங்கள் மகன் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை நகர்த்துவதாக இல்லை. அவரிடமும் சொல்லிவிட்டேன்.

எனக்கு அம்மா இல்லை. உங்கள் மகன் போன பிறகு இந்த வீட்டில் நீங்களும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு கிடந்தோம். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுதுங்கள். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். எது எப்படிப் போனாலும், நான் அத்தை என்று கூப்பிட நீங்கள் இருக்க வேண்டும்.

உங்கள்,
மூத்த மருமகள்


அன்புள்ள அக்காவுக்கு,

அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தையை மாற்றினாலும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகவே இனி வருவதெல்லாம் அவர்கள் சொன்னது.

கண் தேவலை. மருந்தை நிறுத்தவில்லை. உன் தங்கை நீ நினைத்த மாதிரியே நடுவில் நிறுத்தினாள். படி என்றேன். முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன். சாப்பாடு இறங்கவில்லை. என் பிள்ளை போனதையே நான் இன்னும் யாரிடமும் பேசி முடிக்கவில்லை, அதற்குள் இவள் வேறு பேச்சை எடுக்கிறாளே என்று இருந்தது. உன் கொழுந்தன் சமாதானம் சொல்ல வந்தான். போடா என்றேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பவளுக்கு வேறு வேலை என்ன? அந்த ஏணியிலிருந்து விழுந்தது நீயாக இருந்தால் உன்னை யார் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

குழாயைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிறாய். அந்த ஆள் குடிப்பானா, முன்கோபியா, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பானா, ஒரு வரி எழுதினாயா? உனக்கு எப்போதும் இப்படித்தான், வேண்டியது வாயில் வராது. என்னைக் கேட்கச் சொன்னது அவனா நீயா என்பதும் புரியவில்லை. அவன் என்றால் மரியாதை தெரிந்தவன். நீ என்றால் அசடு.

டாக்டர் பயணம் போகலாம் என்றதும் வருகிறேன். உன் கொழுந்தன் கொண்டுவந்து விடுவான். ஆளை நான் நேரில் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்வேன். நீ கேட்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்வேன்.

சந்தோஷம் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை என்னிடம் எதிர்பார்க்காதே. நீ நன்றாக இரு. "நீங்கள் இருவரும்" என்று எழுதட்டுமா என்று இவள் கேட்கிறாள். இப்போதைக்கு நீ என்றே இருக்கட்டும். மற்றதை வந்து சொல்லிக்கொள்கிறேன்.

அத்தை