தொட்டில் கம்பு

கொடுமுடி நிலையம், நிலவின் தென்முனை
பணிக் குறிப்பேடு. எழுதுபவர்: சுடலைமணி, துளைப்புப் பொறியாளர்

நாள் 312. 08:00

துளைப்பு ஆழம் 61 மீட்டர். நேற்று எடுத்த பனிக்கட்டி 14 கிலோ. காற்றழுத்தம் சரி. கரியமில வாயு 430 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 430 பங்கு. மின்சாரத்துக்குக் குறைவில்லை; பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறோம், இந்தப் பருவத்தில் சூரியன் மறைவதே இல்லை.

ஆட்கள் மூன்று பேர். நான், தகவல் தொடர்பைப் பார்க்கும் என் மனைவி பேச்சி, எங்கள் மகள். மகளுக்கு வயது முப்பத்தெட்டு நாள். பேச்சி அவளைத் தங்கம் என்கிறாள், நான் சைரன் என்கிறேன். முறையாகப் பெயர் வைக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

இதை எடுத்துப் படிக்கப் போகிற நீங்கள் யாரோ, இரண்டு பேர் நிலையத்தில் குழந்தை எப்படி என்று கேட்பீர்கள். வந்த இரண்டாம் மாதம்தான் எங்களுக்கே தெரிந்தது. நிலவிலேயே வேறிடத்தில் உள்ள தலைமைத் தளத்திலிருந்து டாக்டர் ஷெரின் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போனார். மூன்று மாதம் ஆகாத குழந்தையை ஏவுகலத்தில் ஏற்றக்கூடாதாம். அதுவரை இங்கேதான்.

நாள் 313. 21:10

அழுகை 16:10 முதல் 20:45 வரை. பசி இல்லை, ஈரம் இல்லை, காய்ச்சல் இல்லை. முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்கச் சிவக்கக் கத்துகிறாள். ஐந்தாவது நாள் இது.

தலைமைத் தளத்திலிருந்து டாக்டர்: "வயித்துல காத்து அடைச்சிருக்கு தம்பி. பூமியில தோள்ல போட்டுத் தட்டினா ஏப்பமா வந்துரும். நிலவுல எடையே ஆறுல ஒரு பங்குதானே, காத்து மேல வர நேரமாகும். நோய் இல்ல, பயப்படாதீங்க. மூணு மாசத்துல தன்னால நின்னுரும்."

இன்னும் ஐம்பது நாள் என்று அர்த்தம். நாற்பது நிமிடம் தட்டியதில் கிடைத்தது ஒரு ஏப்பம்.

நாள் 314. 19:30

பேச்சியின் பழைய சேலையில் தொட்டில் கட்டினேன். ஆட்டிவிட்டால் போய்த் திரும்ப ஆறு வினாடி ஆகிறது. ஊரில் இரண்டரை வினாடிதான் ஆகும். ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மந்தமாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறது. சைரனுக்கு அது பிடிக்கவில்லை. கையால் பிடித்து வேகமாக ஆட்டினால்தான் வாயை மூடுகிறாள். கையை எடுத்தால் மறுபடி தொடங்குகிறாள். காற்றைச் சுத்தம் செய்யும் விசிறியின் உறுமலும் அவளுக்குப் பிடிக்கும் என்று பேச்சி கண்டுபிடித்தாள். தொட்டிலை விசிறிக்கு அருகே மாற்றினோம்.

மூன்று நாளில் நான் தூங்கியது ஏழு மணி நேரம். பேச்சி அதைவிடக் குறைவு.

நாள் 315. 08:15

முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலைக்கம்பத்தில் பழுது; பேச்சு இரைச்சலோடுதான் வருகிறது. பேச்சி திறந்த வண்டியில் கிளம்பிப் போனாள். குழந்தை அளவுக்கு விண்ணுடை யாரும் தைத்திருக்கவில்லை, அதனால் கூட்டிப் போக முடியாது. நாற்பத்தொரு நாளாக அவள் இந்தச் சத்தத்தை விட்டு நகரவில்லை. கம்பத்தைப் பார்க்க நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பகல்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையடித்தேன். பால் ஐந்து பை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இடையறையைப் பற்றி: வெளியே போக இரண்டு கதவுக்கு நடுவே உள்ள சிறு அறை அது. உள்கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க மோட்டார் வேண்டும், அல்லது கைப்பிடியைக் குழியில் செருகிச் சுற்ற வேண்டும்.

நாள் 315. 10:40

பேச்சி போனபோது மோட்டார் கீச்சிட்டது. அப்போதுதான் கண் அயர்ந்த சைரன் எழுந்துவிட்டாள். ஆத்திரத்தில் மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கிப் போட்டேன். இனி கைப்பிடிதான், அதில் சத்தம் வராது. இடையறையின் தூசியைக் கூட்ட உள்கதவைக் கைப்பிடியால் திறந்தேன். திறந்தே கிடக்கட்டும்.

நாள் 315. 12:05

தொட்டில் கம்பு வளைந்துவிட்டது. சேலை முகத்தில் விழாமல் விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பு அது. மெல்லிய அலுமினியக் குழாய்தான் வைத்திருந்தேன். மாற்றாகக் கதவின் கைப்பிடியைச் செருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது. கொஞ்சம் வழுக்குகிறது, அவ்வளவுதான்.

நாள் 315. 14:50

இரண்டரை மணி நேரமாக அழுகை. பால் குடித்தாள், கக்கினாள். தோள், மடி, தொட்டில், விசிறி எல்லாம் பார்த்தாயிற்று. எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: சற்று முன் தூக்கியபோது ஒரு கணம் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உடனே டாக்டரை அழைத்தேன்.

டாக்டர்: "சொன்னீங்களே, அதுவே நல்லது. எல்லாருக்கும் வர்றதுதான். தட்டையான படுக்கையில படுக்க வச்சிட்டு, கதவச் சாத்திட்டு, பத்து நிமிஷம் தள்ளி நில்லுங்க. பத்து நிமிஷம் அழுதா ஒண்ணும் ஆகாது. ஆத்திரத்தோட தூக்கினாத்தான் ஆபத்து."

தட்டையான படுக்கையில் இன்னும் கத்துவாள். தொட்டிலில் வைத்தேன். சத்தம் கேட்காத இடம் இடையறை ஒன்றுதான்.

நாள் 315. 15:04

குறிப்பேட்டோடு இடையறைக்குள் வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். கால் நிமிடம் சொர்க்கம்.

பிறகு கைப்பிடி எங்கே என்று நினைவு வந்தது.

நாள் 315. 15:25

அறுகோணக் குழி. விண்ணுடையின் கொக்கியால் முயன்றேன், அது உடைந்தது. விரலால் முயன்றேன், நகம் பெயர்ந்தது. மோட்டாரின் இணைப்பு கதவுக்கு அந்தப் பக்கம், வாழும் அறையில் கிடக்கிறது. வாழும் அறையில் கேமரா கூடாது என்று சண்டை போட்டு எடுக்க வைத்தவனும் நான்தான்.

இடையறையின் வானொலியில் பேச்சியிடம் சொன்னேன்.

பேச்சி: "எங்க படுக்க வச்ச?"

தொட்டிலில் என்றேன். கம்பு எது என்பதையும் சொன்னேன்.

பேச்சி: "வண்டிப் பெட்டியில இன்னொரு கைப்பிடி கெடக்கு. வாரேன். ரெண்டு மணி நேரம் ஆகும். நீ கதவுல காத வச்சுக்கிட்டே இரு. கத்துதா பிள்ள?"

இரும்பில் காதை அழுத்தினால் மெல்லக் கேட்கிறது. கத்துகிறாள் என்றேன்.

பேச்சி: "அப்ப சரி. கத்தட்டும்."

நாள் 315. 16:21

அழுகை நின்றுவிட்டது.

நாள் 315. 16:40

தூங்கியிருக்கலாம். கம்பு நழுவியிருக்கலாம். இங்கே அவள் ஒரு உதை விட்டால் தொட்டிலே குலுங்கும். கம்பு நழுவினால் சேலையின் இரு ஓரமும் சேர்ந்து மூடிவிடும். விசிறியின் உறுமல் மட்டும் கேட்கிறது.

ஏழு நாளாக இந்த அமைதியைத்தான் கேட்டுக் கெஞ்சினேன்.

ஒரு வழி தோன்றியது. இடையறைப் பலகையில் உள்ளறையின் கரியமில வாயு எண் தெரியும். விசிறியையும் இங்கிருந்தே நிறுத்தலாம். அறையின் கொள்ளளவு 24 கன மீட்டர். நான்கு கிலோ குழந்தை நிமிடத்துக்கு 24 மில்லி லிட்டர் வாயுவை மூச்சில் விடும். காற்றைச் சுத்தம் செய்வதை நிறுத்தினால் நிமிடத்துக்கு ஒரு எண் ஏற வேண்டும்.

ஆனால் விசிறி நின்றால் அவள் விட்ட மூச்சு அவள் முகத்தைச் சுற்றியே தேங்கும். பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது.

நாள் 315. 16:44

விசிறி நிறுத்தம். 431.
16:46. 431.
16:48. 431.
16:50. 431. கருவி கூரையில் இருக்கிறது, வாயு அங்கே போய்ச் சேர நேரமாகும். பொறு.
16:51. 432.
16:52. 433.
16:53. 435.

விசிறியைப் போட்டுவிட்டேன். மூச்சு விடுகிறாள். என் வாழ்நாளில் எந்த எண்ணையும் பார்த்து இப்படி அழுததில்லை. பேச்சிக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன்.

நாள் 315. 17:06

ஒரு சத்தம். முட்டியது போல. ஒரே ஒரு வீறல், பாதியில் நின்றது. அதன் பிறகு எதுவும் இல்லை.

நாள் 315. 17:10

விசிறி நிறுத்தம். 432.
17:14. 432.
17:17. 432.
17:19. 432.
17:20. 432. பத்து நிமிடம் ஆயிற்று. விசிறியைப் போட்டேன்.

ஏறவில்லை. கருவி பழுதாக இருக்கலாம். பேச்சியிடம் கருவி பழுது என்று சொன்னேன். வண்டியை இன்னும் விரட்டுகிறேன் என்றாள்.

நாள் 315. 17:27

வெளிக்கதவில் பேச்சி தட்டுகிறாள். விண்ணுடை போட வேண்டும், காற்றை வெளியேற்ற வேண்டும், அவளை உள்ளே விட வேண்டும், மறுபடி காற்று நிரப்ப வேண்டும். இருபது நிமிடத்துக்குக் குறைந்து முடியாது. தலைக்கவசம் போட்டால் கதவில் காது வைக்க முடியாது.

தங்கம் அழு. ஒரு தடவை. அப்பாவுக்காக ஒரே ஒரு

நாள் 315. 19:40. எழுதுபவர்: பேச்சி

உள்கதவு 17:49-க்குத் திறந்தது. கம்பின் ஒரு முனை நழுவி, சேலை மூடிக் கிடந்தது. அவள் விட்ட மூச்சு உள்ளேயே தேங்கியிருந்ததால்தான் எண் ஏறவில்லை. ஊரில் என்றால் சேலையின் கனமே முகத்தில் அழுந்தியிருக்கும். இங்கே அந்தச் சேலைக்கும் எடை ஆறில் ஒரு பங்குதான். மூக்குக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. உதடு கறுத்திருந்தது. மணி தூக்கினான், அசையவில்லை. டாக்டர் சொல்லச் சொல்ல நான் உள்ளங்காலைத் தேய்த்தேன். 17:53-க்கு மூச்சை இழுத்து வீறிட்டாள். உதடு சிவந்துவிட்டது. டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

கைப்பிடியைக் கதவருகே கொக்கியில் மாட்டியாயிற்று. மோட்டாரின் இணைப்பைக் கொடுத்தாயிற்று. தொட்டிலை அவிழ்த்துவிட்டேன்.

மணி தரையில் உட்கார்ந்து அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் நான் இன்னும் எதுவும் பேசவில்லை. பேசுவேன், இன்றைக்கு இல்லை.

அழுகை: 17:53 முதல். இன்னும் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவும் இல்லை.