சனம் ஏன் வரவில்லை, நானா?

நானா,

இன்று டவுனில் மறுபடியும் கரண்ட் போனது. ஒரு கடையில் ஜெனரேட்டர் இரையத் தொடங்க, அடுத்த கடையிலும் இரைந்தது. கொஞ்ச நேரத்தில் வீதி முழுக்க டீசல் புகை. அந்த வாசம் நம் தியேட்டர் டிக்கட் கவுண்டருக்குள் நுழைந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எப்பிடி தங்கச்சி, சனம் ஈக்கா?" என்று கேட்பீர்களே, அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது.

சனம் இல்லை நானா. மத்தியானக் காட்சிக்கு வந்த நாலைந்து பேரில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். மழை விட்டதும் போய்விட்டார்.

போன வாரம் உங்கள் மகள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு தியேட்டர் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. அதைக் கல்யாண மண்டபமாக மாற்ற ஒரு கம்பனி கேட்கிறதாம். அவளுக்கு மனமில்லை. வாப்பா கட்டிக் காத்த இடம் என்று தூணைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்டி, சனம் ஏன் வாறதில்ல? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. திருத்தலாம்னா நான் லோன் எடுத்தாவது திருத்துறேன். இல்லாட்டி குடுத்துர்றேன்."

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். கல்யாணம் ஆன புதிதில் இந்தக் கவுண்டரில் வந்து உட்கார்ந்து, கூடப்பிறந்த அண்ணனைப் போல உங்களை நானா என்று கூப்பிடத் தொடங்கியவள் நான். இப்போது பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். இத்தனை காலம் இங்கே இருந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. ஆனால் யோசிக்க யோசிக்க எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

உங்களிடம் காரணத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. முதலில் டிவி நாடகம் என்றீர்கள். பொம்பிளைகள் எல்லாம் நாடகத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், வீட்டில் கேட்காத சத்தத்தை நாம் கொடுப்போம் என்று புதிய ஸ்பீக்கர் போட்டீர்கள். சனம் வந்தது. நீங்கள் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். இரண்டு படம் ஓடியது, மூன்றாவது படத்துக்கு ஸ்பீக்கர்தான் தனியாகக் கத்தியது. பிறகு கள்ள சீடியைத் திட்டினீர்கள். சீடிக் கடைகள் எல்லாம் இழுத்து மூடிய பிறகும் சனம் திரும்பவில்லை. பிறகு கதிரை சரியில்லை என்று கட்டுகஸ்தோட்டையில் இருந்த உங்கள் கடையை விற்று மெத்தைக் கதிரை வாங்கிப் போட்டீர்கள். கதிரை மூட்டைப்பூச்சிக்குத்தான் வசதியாகப் போனது.

பல்லேகலயில் கிரிக்கட் மட்ச் நடந்த அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு ஒரு குருவியும் வராது, காட்சியை நிறுத்துவோம் என்றீர்கள். நான்தான் கொஞ்சம் பார்ப்போமே என்றேன். மழையில் மட்ச் குழம்பி, நனைந்த கொடியும் தொப்பியுமாக ஒரு கூட்டம் பஸ்ஸில் வந்து இறங்கியது. தமிழ் விளங்காத சிங்களப் பொடியன்மாரும் பால்கனியில் நின்று விசில் அடித்தார்கள். அடுத்த மட்சுக்கு நீங்கள் மழை கேட்டு துஆ செய்தீர்கள். மழையும் பெய்தது, ஆனால் எல்லாரும் நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் விட, நாட்டில் பெற்றோலும் டீசலும் இல்லாமல் போன அந்த வருஷம். பஸ் இல்லை, கரண்ட் இல்லை, காஸ் இல்லை, கையில் காசில்லை. உங்கள் கணக்குப்படி தியேட்டரைப் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் எங்கிருந்தோ டீசல் தேடி வந்து ஜெனரேட்டரைப் போட்டீர்கள். அத்தனை தூரம் குண்டசாலையிலிருந்தும் சனம் நடந்தே வந்தது நானா! வாசலில் நீளமாக ஒரு பலகை அடித்து, அதில் வரிசையாக பிளக் வைத்தீர்கள். படம் பார்க்க வந்தவர்கள் போனைச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். டிக்கட்டின் ஒரு பாதியை ரப்பர் பேண்டில் போனோடு சுற்றி வைப்பேன், மறுபாதி அவர்கள் கையில். படம் முடிந்ததும் பாதிக்குப் பாதி பார்த்துப் போனைக் கொடுப்பேன். ஒரு போனும் மாறியதில்லை.

"படம் பாக்க வந்த சனமில்ல தங்கச்சி, சார்ஜ் போட வந்த சனம்" என்று சிரித்தீர்கள்.

ஆனால் ஒரு நாள் படத்தின் நடுவே வீதிக்குக் கரண்ட் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்து போவார்கள் என்று நான் போன்களை எடுத்து அடுக்கினேன். ஒருவரும் வெளியே வரவில்லை. நீங்கள் கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்குக் கண் கலங்கியிருந்தது. "இவங்க என்னத்துக்கு வந்தீக்கி?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் அடுக்கிய போன்களைத் திரும்பச் சார்ஜில் போட்டேன். நாட்டுக்குக் கரண்ட் ஒழுங்காக வந்ததும் நம் தியேட்டர் பழையபடி காலியானது.

மகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை குண்டசாலைக்கே போனேன். அந்த நாளில் பிள்ளைகளோடு வாரம் தவறாமல் வந்த ஒரு டீச்சர் அங்கே இருக்கிறார். டீ ஊற்றித் தந்து, டிக்கட் விலை கூடிப்போச்சு, கட்டுப்படியாகவில்லை என்று மனம் நொந்து சொன்னார். அதே மூச்சில், போன மாதம் மகனோடு கொழும்புக்குப் போய், பெரிய கடைத்தொகுதிக்குள் இருக்கிற தியேட்டரில் படம் பார்த்த கதையையும் சொன்னார். அங்கே டிக்கட் நம்முடையதை விட எத்தனை மடங்கு! பொய் சொல்லவில்லை அவர். இரண்டையும் உண்மையாகத்தான் சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் ஒன்று உறைத்தது. ஊரெல்லாம் கேட்டோமே, நம்மை நாம் கேட்டோமா? நான் கடைசியாக உள்ளே உட்கார்ந்து முழுப்படம் பார்த்தது எப்போது என்று நினைவில்லை. டிக்கட் கொடுப்பேன், கணக்கை முடிப்பேன், வீட்டுக்குப் போய் டிவி பார்ப்பேன். நீங்களும் கதவு வரைதான். உள்ளே எட்டிப் பார்ப்பது படத்தையா, சனத்தைத்தானே?

அடுத்த நாள் எனக்கே ஒரு டிக்கட் கிழித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். படம் சுமார்தான். வந்த ஆறேழு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். ஒரு பகிடி வந்தபோது பின்னாலிருந்து யாரோ சிரித்தார். அதைக் கேட்டு முன்னால் ஒருவர் சிரித்தார். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. இதே மாதிரிப் பகிடிகளைப் பேரன் போனில் காட்டும்போது எனக்குச் சிரிப்பே வந்ததில்லை. இதற்குத்தான் சனம் வந்ததா என்று நினைத்தேன். அப்படியென்றால் சனம் இருந்தால்தானே சனம் வரும்? முதல் ஆளை எங்கே போய்ப் பிடிப்பது? ஒரு நூல் நுனி கிடைத்த மாதிரி இருந்தது, இழுத்தால் இன்னும் சிக்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை உங்கள் மகள் வந்தாள். கையில் தியேட்டரின் படம் வரைந்த தாள், கண்ணில் ஆசை. பெரிய ஹோலை மூன்று சின்னதாகப் பிரிக்கலாமா, ஏசி போதாதா, சாப்பாட்டுக் கடை வைத்தால் வருவார்களா என்று கேட்டுக்கொண்டே போனாள். தலையைச் சாய்த்து அவள் கேட்டது அச்சு அசல் உங்களைப் போல. ஏசிதான் காரணம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லோன் எடுத்திருப்பாள். என் கவுண்டரும் இன்னும் சில வருஷம் இருந்திருக்கும். நீங்கள் விற்ற கடை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"தெரியாது மகள்" என்றேன். "ஒங்க வாப்பாவுக்கும் தெரியாது. சனம் ஏன் வந்திச்சுன்னும் தெரியாது, ஏன் போச்சுன்னும் தெரியாது."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே போய் அந்தக் கம்பனிக்கு போன் எடுத்தாள்.

இந்த மாதத்தோடு முடிகிறது நானா. கல்யாண மண்டபத்துக்குச் சனம் வரும், ஏன் வருகிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் என்னால் இனி எந்தக் கூட்டத்தையும் சும்மா கடந்துபோக முடியாது. மார்க்கட்டில், கோயிலில், குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் எங்கே நாலு பேர் கூடினாலும் நின்று, இவர்கள் என்னத்துக்கு வந்தார்கள் என்று முகம் முகமாகப் பார்க்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்து, அடித்துச் சொல்லியிருப்பீர்கள். நானும் நம்பியிருப்பேன். தெரியாது என்று சொல்லி உங்கள் மகளைக் காப்பாற்றினேனா, உங்கள் தியேட்டரை மூடினேனா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.